காண்டலும் கொள்ளலும்

இல்லறத்தாருக்கும் துறவறத்தாருக்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் காட்டுவது அவர்கள் மேற்கொள்ளும் பயணம் ஆகும். முனிவர் மயிற்பீலியும் குண்டிகையும் ஏந்தி, வழியில் ஊரும் சிற்றுயிர்களைப் பார்த்துப் பார்த்து, வெறுங்காலுடன் நடந்து செல்கின்றார். இல்லறத்தாராகிய நாமோ ஓரிரவு வெளியூரில் தங்க நேர்ந்தாலும் வீட்டின் ஒரு பகுதியைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு புறப்படுகின்றோம். அமெரிக்க நாட்டிலோ வீடு முழுவதையுமே உடன்கொண்டு செல்லும் வழக்கம் உள்ளது. ‘மோட்டார் ஹோம்’ என்று அங்கு வழங்கும் வீட்டூர்தியில் அடுப்பு, படுக்கை, குளிர்ப்பெட்டி, கழிப்பறை யாவும் சக்கரங்களின்மேல் உருண்டு வருகின்றன. அதில் ஏறி மக்கள் காணச் செல்வனவோ, எந்தத் தனி மனிதருக்கும் உடைமையாகாதவாறு சட்டம் இயற்றிக் காக்கப்படும் தேசியப் பூங்காக்கள். உடைமைகளைச் சுமந்துகொண்டு உடைமையாகா நிலத்தைக் காணச் செல்லும் இப்பயணம் அறநோக்கில் ஆராயத்தக்கது.

நம் குடும்பங்கள் பலவற்றின் மக்கள் இன்று அந்நாட்டில் பணிபுரிகின்றனர். பெற்றோர் அவர்களிடம் சென்று சில திங்கள் தங்கும்போது, கோடை விடுமுறையில் இத்தகைய பயணத்திற்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். நாமும் மகன் குடும்பத்தாருடன் பதினொரு நாள் அவ்வாறு சென்று வந்தோம். ஆதலின் இது நமக்குத் தொலைவான பொருள் அன்று. காண்பதற்கு மட்டுமே செல்பவர் எதையும் கொள்வதில்லை என்று கூறலாமா? கண்ணால் காண்பதில் ஓர் உயிர்க்கு என்ன தீங்கு நேர்ந்துவிடும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரும் இல்லம்

யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் மோட்டார் கார்கள் முறையாக அனுமதிக்கப்பட்டது 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான். அதுவரை அங்குச் சென்றோர் குதிரை வண்டிகளில் சென்றனர். ஏறத்தாழ அக்காலத்திலேயே ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், ஹார்வி ஃபயர்ஸ்டோன் ஆகியோர் நண்பர்களுடன் காரில் சென்று காட்டுப்புறங்களில் கூடாரமிட்டுத் தங்குவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். சமையற்கருவிகள் ஏற்றிய வண்டி ஒன்றும் அவர்களுடன் சென்றது. பின்னர் வீட்டையும் வண்டியையும் ஒன்றாக்கிப் பெருந்தொகையில் செய்யும் தொழில் வளர்ந்தது. அயோவா மாநிலத்து வின்னபேகோ நிறுவனம் 1966இல் இத்தகைய ஊர்திகளைச் செய்யத் தொடங்கியதும், செல்வர்க்கே உரியதாக இருந்த இப்பயணம் நடுத்தரக் குடும்பத்தார்க்கும் எட்டியது.

இவ்வூர்தியில் நம் போன்றோர்க்கு ஒரு பெரும் வசதி உண்டு. வழியிலுள்ள உணவகங்களில் என்ன எண்ணெய், என்ன பாத்திரம் என்று ஐயுற்று நிற்க வேண்டுவதில்லை. நம் அரிசி, நம் பருப்பு, நம் வடிகட்டிய நீர் என்று நாமே சமைத்து, பொழுது சாயுமுன் உண்டுவிடலாம். ஜூன் மாதத்தில் யெல்லோஸ்டோனில் இரவு ஒன்பது மணியளவில்தான் ஞாயிறு மறைகின்றது என்பதால் இரவுண்ணாமைக்கு அங்கு எவ்வித இடரும் இல்லை.

அதனினும் சிறந்த பயன் ஒன்று உண்டு. வீட்டூர்தியின் அடியில் மூன்று தொட்டிகள் உள்ளன. ஒன்றில் நன்னீர், மற்றொன்றில் குளித்ததும் கழுவியதுமான நீர், மூன்றாவதில் கழிவு. ஒவ்வொன்றும் எவ்வளவு நிறைந்துள்ளது என்பதைச் சுவரிலுள்ள சிறு விளக்குகள் காட்டிக்கொண்டே இருக்கும். நம் ஊர்தியின் நன்னீர்த் தொட்டி ஏறத்தாழ 150 லிட்டர் கொள்ளும். ஐவர் அதனை இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டுமானால், ஒருவர் குளிக்கும்போதே மற்றவர் பாத்திரம் கழுவும் நீரைக் கணக்கிட வேண்டும். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகும் பிள்ளைகள், இங்குச் சோப்புத் தேய்க்கும் நேரத்தில் நீரை நிறுத்தக் கற்றுக்கொண்டனர். நிறைந்த கழிவுத் தொட்டியை அதற்கென அமைந்த இடத்திற்குக் கொண்டுசென்று குழாய் பூட்டி வெளியேற்றும் வேலையும் அவரவர்க்கே உரியது. நாம் நாள்தோறும் எவ்வளவு கொள்கின்றோம், எவ்வளவு கழிக்கின்றோம் என்பதை நகரத்து வீடு நமக்கு மறைக்கின்றது. இந்தச் சிறு வீடு மறைக்காமல் காட்டுகின்றது. மிகுபொருள் விரும்பாமையை நூலில் படித்தவர்க்கு அதன் செயல்முறைப் பாடம் எனலாம்.

எனினும் மறுபக்கத்தையும் கூற வேண்டும். பெரிய வீட்டூர்தி ஒரு லிட்டர் எரிபொருளில் மூன்று நான்கு கிலோமீட்டரே செல்லும். 2,500 கிலோமீட்டர் பயணத்திற்கு ஏறத்தாழ 700 லிட்டர் எரிகின்றது. நீரின் அளவைக் காட்டிய விளக்கு, புகையின் அளவைக் காட்டுவதில்லை. இடமும் மிகுதியாக வேண்டும். யூட்டா மாநிலத்துச் சயான் பூங்காவில் 1930இல் திறக்கப்பட்ட 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள குகை வழி ஒன்று உண்டு. வளைந்த மேற்கூரையில் இடிக்காமல் செல்லப் பெரிய ஊர்திகள் சாலையின் நடுவே செல்ல வேண்டியிருந்தமையால், எதிர்ப்புறத்து வண்டிகளையெல்லாம் நிறுத்திவைத்துப் பல ஆண்டுகள் அவற்றுக்கு வழிவிட்டனர். ஒரு குடும்பம் தன் வீட்டுடன் கடக்க, ஊரார் காத்திருந்தனர். மொன்டானா மாநிலத்து கிளேசியர் பூங்காவிலோ, மலை முகட்டைக் கடக்கும் சாலையில் 21 அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள ஊர்தி செல்ல அனுமதி இல்லை. சில இடங்களைக் காண வேண்டுமானால் வீட்டை விட்டு இறங்கத்தான் வேண்டும்.

ஒரு கல்லும் ஒரு காசும்

யெல்லோஸ்டோன் 1872ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அந்நிலமே உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. 1916இல் தேசியப் பூங்காத் துறை நிறுவப்பட்டபோது, அதற்கு இரு கடமைகள் விதிக்கப்பட்டன. மக்கள் இப்பூங்காக்களைக் கண்டு மகிழச் செய்தல் ஒன்று. வருங்காலத் தலைமுறையினருக்காக அவற்றைக் குறைவுபடாமல் காத்தல் மற்றொன்று. இன்று அந்நாட்டில் 63 தேசியப் பூங்காக்கள் உள்ளன. யெல்லோஸ்டோனுக்கு மட்டும் ஆண்டுதோறும் 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வருகின்றனர். மகிழ்தலும் காத்தலும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை என்பதற்கு இரு சான்றுகள் கூறுவோம்.

அரிசோனா மாநிலத்தில் கல்லாகிய மரங்களின் பூங்கா ஒன்று உண்டு. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து வீழ்ந்த மரங்கள் மண்ணுள் புதைந்து, பல வண்ணக் கற்களாக உருமாறித் தரையெங்கும் கிடக்கின்றன. அவற்றுள் ஒரு சிறு துண்டை எடுப்பதும் குற்றம். ஆயினும் சிலர் எடுத்துச் செல்கின்றனர். பின்னர் மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்துடன் அஞ்சலில் திருப்பி அனுப்புகின்றனர். எடுத்தது முதல் வீட்டில் துன்பமே நேர்ந்தது என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் திரும்பி வந்த கல்லை மீண்டும் பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரியாமையால், கண்ட இடத்தில் போட்டால் ஆராய்ச்சியாளரை அது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். ஆகவே அவை ஒரு சாலையோரத்தில் தனியே குவிக்கப்பட்டுள்ளன. ‘மனச்சான்றுக் குவியல்’ என்று அதற்குப் பெயர். திருப்பித் தருவதால் எடுத்தவர் மனம் ஆறுகின்றது; நிலத்தின் இழப்போ ஆறுவதில்லை. கள்ளாமை என்னும் அறம் பொருளின் விலையைக் கருதாமல் விதிக்கப்பட்டதன் காரணம் இங்கு நன்கு விளங்குகின்றது.

மற்றொரு சான்று யெல்லோஸ்டோனில் உள்ள ஒரு வெந்நீர்க் குளம். காலையில் மலரும் நீலப் பூ ஒன்றின் பெயரால் அது ‘மார்னிங் குளோரி’ எனப்படுகின்றது. நினைத்தது நிறைவேறும் என்று எண்ணியோ விளையாட்டாகவோ மக்கள் அதனுள் காசுகளையும் குப்பைகளையும் எறிந்தனர். அடியிலிருந்து வெப்ப நீர் வரும் வழி அடைபட்டது. நீரின் வெப்பம் குறைந்தது. குறைந்த வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்கள் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவின. தூய நீலமாக இருந்த குளத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் படர்ந்தன. முன்னவர் எடுத்துச் சென்று கெடுத்தனர். இவர்கள் கொடுத்துக் கெடுத்தனர்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பணியாற்றிய நாளில், இலைகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஏட்டில் ஒட்டி வருவது மாணவியர்க்குரிய செய்முறைப் பயிற்சிகளுள் ஒன்றாக இருந்தது. இலையைக் கிள்ளாமல், செடியருகே அமர்ந்து வரைந்து வருமாறு நாம் கூறுவோம். வரைபவர் அரைமணி நேரம் பார்க்கின்றார்; கிள்ளுபவர் அரை நொடியே பார்க்கின்றார். எடுக்கலாகாது என்னும் விதி காட்சியைக் குறைப்பதில்லை, மிகுவிக்கின்றது என்பதே நம் பட்டறிவு.

இரக்கத்திற்கு வழிகாட்டும் அறிவு

எடுத்தல் குற்றம் என்பதை நம் வாசகர்கள் தயங்காமல் ஏற்பர். ஆனால் பசித்த விலங்கிற்கு உணவிடுதல் குற்றம் என்று ஒரு சட்டம் கூறினால், உயிரிரக்கத்தையே உயிர்நிலையாகக் கொண்ட நாம் அதனை எவ்வாறு ஏற்பது? இதுவே இப்பொருளில் நம்மைக் கலங்கச் செய்யும் பகுதி.

யெல்லோஸ்டோனில் ஒரு காலத்தில் கரடிகளுக்கு உணவிடுவது வழக்கமாக இருந்தது. விடுதிகளின் எச்சில் உணவைக் கொட்டுமிடத்தில் அவை உண்பதைக் காண மக்களுக்கு இருக்கைகளும் போடப்பட்டிருந்தன. சாலையோரத்தில் கரடிகள் கார்களை மறித்துக் கையேந்தின. பயணிகளும் மகிழ்ந்து கொடுத்தனர். விளைவு யாது? 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமுற்றனர் என்பது பூங்காத் துறையின் கணக்கு. 1970 அளவில் குப்பை மேடுகள் மூடப்பட்டு உணவிடுதல் கண்டிப்புடன் தடுக்கப்பட்டபோது, பழகிய உணவை இழந்த கரடிகள் முகாம்களைத் தேடி வந்தன. அவற்றுள் பல கொல்லப்பட்டன. கையிலிருந்து கொடுத்த ரொட்டித் துண்டு, கொடுத்தவர் வீடு திரும்பி மறந்த பின்னர் அவ்வுயிரைக் கொன்றது. இன்று அங்குள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கிரிஸ்லி கரடிகளின் நடமாட்டம் கருதி, உறுதியான சுவருடைய ஊர்திகளுக்கு மட்டுமே இடம் தருகின்றனர். உணவின் மணம்கூட வெளியே கிடக்கலாகாது என்பது விதி.

2016 மே மாதத்தில் அப்பூங்காவில் நிகழ்ந்தது இன்னும் துன்பமானது. பைசன் எனப்படும் காட்டெருதின் புதிதாய்ப் பிறந்த கன்று ஒன்று குளிரில் வாடுவதாக எண்ணிய பயணிகள், அதனைத் தம் காரில் ஏற்றிக் காவலரிடம் கொண்டுசென்றனர். அவர்கள் உள்ளத்தில் கொடுமை இல்லை. ஆனால் காவலர் மீண்டும் மீண்டும் முயன்றும் மந்தை அக்கன்றை ஏற்கவில்லை. அது மக்களையும் கார்களையும் நாடிச் சாலைக்கு வந்தவண்ணம் இருந்தது. இறுதியில் பூங்காத் துறையினர் அதனைக் கொன்றுவிட்டனர். 2023இலும் ஆற்றைக் கடந்த மந்தையிலிருந்து பிரிந்த ஒரு கன்றை ஒருவர் கரையேற்றித் தள்ளிவிட, அதுவும் தன் இனத்தால் கைவிடப்பட்டு அதே முடிவை எய்தியது.

நோயுற்ற விலங்குகட்கும் காப்பகம் அமைத்த சமூகத்தைச் சேர்ந்த நாம் அக்கொலைகளை ஏற்க இயலாது. விலங்குகளின் நோய் பரவாமைக்கான விதிகள் அக்கன்றுகளை வெளியே அனுப்பத் தடையாக இருந்தன என்று கூறினர். அவ்விதிகளுக்கு அப்பாலும் ஒரு வழி தேடியிருக்கலாம் என்பதே நம் கருத்து. ஆயினும் தொடக்கம் எங்கே என்று பார்த்தால், அறியாத கை நீண்ட இடத்திலேயே துன்பம் தொடங்கியது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்று மும்மணிகளை வரிசைப்படுத்திய நம் பெரியோர், ஒழுக்கத்தைக் காட்சிக்கும் ஞானத்திற்கும் பின்னரே வைத்தனர். இரக்கமும் ஒழுக்கமே ஆதலின், காணாமலும் அறியாமலும் செய்யப்படும் இரக்கம் குறையுடையதேயாகும்.

லாமார் பள்ளத்தாக்கில் சாலையோரம் ஊர்தியை நிறுத்திப் பைசன் மந்தையைத் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னங்கால் ஊனமுற்ற ஒரு கிழப் பைசன் மந்தைக்கு வெகுதொலைவு பின்தங்கி நொண்டி வந்தது. அப்பகுதியில் ஓநாய்கள் உண்டு. ஒன்பது வயதுப் பேர்த்தி, “பாட்டி, நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோமே, இது பாவம் இல்லையா?” என்று கேட்டாள். அதன் வலியை நாம் உண்டாக்கவில்லை, அதனை நீக்கும் வழியும் நாம் அறியோம், அருகிற் சென்றால் அதன் அச்சத்தையே பெருக்குவோம் என்று கூறினோம். அவள் விடவில்லை. “அப்படியானால் நம் ஊர்த் தெருவில் வண்டியில் அடிபட்ட நாயையும் பார்த்துக்கொண்டு போகலாமா?” என்றாள்.

அவ்வினா எளியதன்று. நம்மால் இயன்ற விடை இதுதான்: தெரு நாய் நம் வாழ்வின் நடுவே நம்மை நம்பி வாழ்வது; அதனை அடித்ததும் நம் வண்டி. அங்கே நம் கை முன்னரே நீண்டுவிட்டது. இடையில் அதனை இழுத்துக்கொள்வது பாவம். பள்ளத்தாக்கின் பைசன்மீது நம் கை நீளவில்லை. நீளாதிருத்தலே அதற்கு நாம் செய்யும் நன்மை. எங்கே நம்மால் துன்பம் நேர்ந்ததோ, அங்கே கடன் நமக்கு உண்டு.

இவ்விடை முழுமையானது என்று நாம் கருதவில்லை. ஏனெனில் அப்பள்ளத்தாக்கிலும் மனிதர் கை முன்னரே நீண்டதுதான். பூங்காவில் ஓநாய்களை ஒழித்தவர் மனிதர். 1926இல் அங்குக் கடைசி ஓநாய்கள் கொல்லப்பட்டன. கனடாவிலிருந்து 1995, 1996ஆம் ஆண்டுகளில் 31 ஓநாய்களைக் கொணர்ந்து விட்டவரும் மனிதரே. பைசன்களையோ 1902இல் பூங்காவில் இரண்டு டஜன் அளவே எஞ்சும்வரை வேட்டையாடி, பின்னர்ப் பேணி ஆயிரக்கணக்கில் பெருக்கினர். ஓநாயை மீட்டது ஓர் உயிரினத்துக்குச் செய்த நீதி. அதன் பற்களில் இறக்கும் மான்களுக்கு அது என்ன? பழைய தீங்கைத் திருத்தப் புகும்போதும் தீங்கு முற்றும் நீங்குவதில்லை. இதனை அறிந்தவர்க்குத் தம் இரக்கத்தைப் பற்றிய செருக்கு உண்டாகாது.

அந்நிலத்தில் முன்னர் வாழ்ந்தோர்

மனிதர் காலடி படாத தூய நிலம் என்று இப்பூங்காக்களைப் புகழ்வோர் உளர். அது உண்மையன்று. யெல்லோஸ்டோன் மலைகளில் ஷோஷோனி இனத்தின் ஒரு பிரிவினரான டுகுடிகா மக்கள் மலையாடுகளை வேட்டையாடி வாழ்ந்தனர். பூங்கா அமைந்த பின் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். 1877இல் அரசுப் படையினரால் துரத்தப்பட்ட நெஸ் பெர்ஸ் மக்கள் பெண்டிர் பிள்ளைகளுடன் அப்பூங்காவின் வழியே தப்பியோடினர். முன்னர் நாம் குறித்த வின்னபேகோ என்னும் பெயரும் அத்தகைய ஒரு மக்களுடையதே. ஹோ-சங்க் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விஸ்கான்சின் நிலத்திலிருந்து மீண்டும் மீண்டும் வெளியேற்றப்பட்டனர். அவர்களைக் குறித்த பெயர் ஒரு மாவட்டத்திற்கு வைக்கப்பட்டது. மாவட்டத்தின் பெயர் நிறுவனத்திற்கு வந்தது. வீடிழந்தோர் பெயரைத் தாங்கிய வீடு இன்று நெடுஞ்சாலைகளில் ஓடுகின்றது. நாம் மகிழ்ந்து காணும் அமைதிக்குப் பிறர் விலை கொடுத்திருக்கின்றனர் என்பதை அறியாமல் காண்பது அரைக் காட்சியே ஆகும். இன்று 27 பழங்குடியினர் அந்நிலத்துடன் தொடர்புடையோர் எனப் பூங்காத் துறை ஏற்றிருப்பது, காலம் தாழ்ந்ததாயினும் வரவேற்கத்தக்கது.

செல்லலாகுமா?

இவ்வளவும் கூறிய பின், செல்லாமலே இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். துறவிக்கு அது தக்க விடை. இல்லறத்தாருக்கு விதிக்கப்பட்டது அணுவிரதம். முற்றும் நீக்க இயலாததை அளவுபடுத்துவதே அதன் உட்பொருள். நாம் கூடத்தில் அமர்ந்திருந்தாலும் எரிபொருளும் நீரும் நம்பொருட்டுச் செலவாகின்றன. மேலும், கண்டறியாத ஒன்றைக் காக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் சொல் அவர்கள் நெஞ்சில் ஊன்றுவதில்லை. ஆகவே செல்லலாம், அளவுடன் செல்ல வேண்டும்.

குறித்த காலத்திற்கு, குறித்த எல்லைக்குள் தன் நடமாட்டத்தை வரையறுத்துக்கொள்ளும் தேசவிரதத்தை நம் குடும்பத்தார் அறிவர். பயணம் புறப்படும் நாளில் அதனையே மேற்கொள்ளலாம். இத்தனை கிலோமீட்டருக்கு மேல் செல்வதில்லை. பத்துப் பூங்காக்களை ஓடிப் பார்ப்பதைவிட இரண்டில் தங்கிப் பார்ப்போம். குடும்பத்திற்குப் போதிய அளவினும் பெரிய ஊர்தியை வாடகைக்கு எடுப்பதில்லை. அதனை முகாமில் நிறுத்திவிட்டு, பொதுப் பேருந்து உள்ள இடத்தில் அதிற் செல்வோம். சயான் பள்ளத்தாக்கில் 2000ஆம் ஆண்டு முதல் ஆண்டின் பெரும்பகுதியில் பேருந்தே ஓடுகின்றது. பைசன், மான் முதலியவற்றிற்கு 23 மீட்டரும், கரடி, ஓநாய் முதலியவற்றிற்கு 91 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்று யெல்லோஸ்டோனில் விதித்துள்ளனர். இதனை நம் உயிருக்கான காவலாக மட்டும் கருதாமல், பிற உயிரின் இல்லத்து வாசலில் நாம் காட்டும் மரியாதையாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

ஓர் உயிரிடம் அன்பு கொண்டவுடன் அதனைத் தொடவும், ஊட்டவும், உடன் கொண்டுவரவும் நம் மனம் விழைகின்றது. அவ்விழைவுக்கும் பொருளாசைக்கும் வேர் ஒன்றே. அதனை அறிந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று காண்பவர், அவ்வுயிருக்கு நன்மை செய்கின்றார். தம் ஆசையையும் ஓரளவு வெல்கின்றார். அமெரிக்கக் காட்டில் பழகும் இப்பயிற்சி, நம் ஊர் ஏரிக்கரையிலும் தோட்டத்திலும் தொடருமாயின், பிள்ளைகளுடன் நாம் செய்யும் பயணம் பயனுடையதாகும்.